சுவரை விசாரிக்காமல் டிரில்லை எடுக்காதீர்கள்

"கான்கிரீட் சுவர்தான் சார், ஒண்ணும் ஆகாது."

டிவி மாட்ட வருபவர், கீசர் மாட்ட வருபவர், ஜன்னலுக்குத் திரைக்கம்பி போட வருபவர் என்று எல்லோரும் தவறாமல் சொல்கிற வாக்கியம் இது. சொன்ன கையோடு டிரில்லை வைத்து அழுத்துவார். சுவரிலிருந்து சிவப்புத் தூள் கொட்டும். கான்கிரீட்டில் ஏதுங்க சிவப்புத் தூள்? அது செங்கல்.

கையில் ஒரு டிரில்லும் கொஞ்சம் ஆர்வமும் இருப்பதால், சொந்தக்காரர்கள் வீடு மாறினால் எனக்கு அழைப்பு வந்துவிடும். "வரும்போது அந்த மெஷினைக் கொண்டு வந்துடுடா" என்பார்கள். அப்படிப் பல சுவர்களோடு பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஓட்டை போடுவது இந்த வேலையில் மிகச் சின்னப் பகுதி. எதில் போடுகிறோம், மாட்டப்போகிற பொருள் எந்தப் பக்கம் இழுக்கும் என்ற இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் வேலையே. அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பிளக், ஸ்க்ரூ, ஆங்கர் எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

உங்கள் சுவர் எது?

நம் ஊரில் கான்கிரீட் வீடு என்றால் கூரை கான்கிரீட் என்று அர்த்தம். தூண், பீம், ஜன்னல் மேல் ஓடும் லிண்டல், பரண், தளம் ஆகியவை மட்டும்தான் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றியவை. இவற்றுக்கு இடையில் எழுப்பிய சுவர் வேறு ஏதாவதாக இருக்கும். பழைய வீடு என்றால் செங்கல். பிறகு வந்தவற்றில் ஃப்ளை ஆஷ் கல், சாலிட் பிளாக், ஹாலோ பிளாக். இப்போதைய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஏஏசி என்கிற வெள்ளை நிற எடை குறைந்த பிளாக். மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சு நிறுத்திச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே ஊற்றும் முறையில் கட்டிய கட்டடங்களில்தான் சுவர் முழுக்க உண்மையான கான்கிரீட். எல்லாவற்றின் மேலும் பூச்சும் பட்டியும் பெயின்ட்டும் வந்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் பலத்தில் ஒன்று இல்லை. வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்20 கான்கிரீட் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஏஏசி பிளாக் தாங்குவது 3 முதல் 5 நியூட்டன் வரை. கான்கிரீட்டில் ஒரு ஆளே தொங்கக்கூடிய அதே பிளக், ஏஏசி சுவரில் ஒரு கனமான கண்ணாடிக்கே ஆட்டம் காணலாம். பிளக்கின் மேல் குற்றமில்லை. அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மாட்டப்போகிற பொருளே பின்னால் மறைத்துவிடும் ஓர் இடத்தில் 4 அல்லது 5 மி.மீ. பிட்டால் சின்னதாக ஓர் ஓட்டை போடுங்கள். கீழே ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். முதலில் வருவது பட்டியும் சிமெண்ட் பூச்சும். அது எந்தச் சுவரிலும் ஒரே மாதிரிதான், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதைத் தாண்டியதும் பாருங்கள்.

சிவப்புத் தூள் என்றால் செங்கல். பிட் முக்கி முக்கி நகர்ந்து மாவு போல நைசான சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட். சாம்பல் தூளே கொரகொரவென்று, அவ்வளவு சிரமமில்லாமல் வந்தால் சாலிட் பிளாக் அல்லது ஃப்ளை ஆஷ். வெண்ணெயில் இறங்குவது போல பிட் இறங்கி வெளுத்த தூள் கொட்டினால் ஏஏசி. கொஞ்ச தூரம் போய் 'டபக்' என்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், நடுவில் காற்றுதான் இருக்கிறது. ஒரே சுவரில் இரண்டு அடி தள்ளினால் கதை மாறலாம், ஏனென்றால் சுவரின் ஓரத்தில் தூண் மறைந்திருக்கும். தூண் எந்த மூலையில், பீம் எந்த உயரத்தில் என்பது தெரிந்தால் பாதி வீடு புரிந்துவிடும்.

பூச்சு சுவர் இல்லை

அடிக்கடி நடக்கும் ஏமாற்றம் இங்கேதான். வீட்டுக்குள் செங்கல் சுவருக்கு 12 முதல் 15 மி.மீ. வரை சிமெண்ட் பூச்சு இருக்கும். வெளிச்சுவரில் 20 மி.மீ. வரை போகும். கொத்தனார் கோணல் சுவரை நேராக்கியிருந்தால் இன்னும் கூடுதல். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 6 மி.மீ. பிளக்கின் நீளம் 30 மி.மீ. அதைச் சுவரோடு சமமாக அடித்தால் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். பூச்சு எடை தாங்குவதற்காகப் போட்டதல்ல. ஸ்க்ரூ முறுக்கும்போது பிளக் விரியும், விரிந்த வேகத்தில் பூச்சு பெயர்ந்து உப்பிக்கொண்டு வரும். "சுவர் நல்லா இல்ல சார்" என்று அப்போது ஒரு தீர்ப்பும் வரும்.

பரிகாரம் எளிது. ஆழமாக ஓட்டை போட்டு, பிளக்கின் வாய் பூச்சைத் தாண்டி உள்ளே போகும்படி தள்ளுங்கள். அதற்கேற்ற நீள ஸ்க்ரூ வாங்குங்கள். கணக்கு இதுதான்: மாட்டும் பொருளின் தடிமன், பூச்சின் தடிமன், பிளக்கின் நீளம், இவற்றோடு பிளக்கின் நுனியைத் தாண்டி ஸ்க்ரூ கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க ஒரு 5 மி.மீ. பொருளோடு பாக்கெட்டில் இனாமாக வரும் ஸ்க்ரூவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

பிளக் ஏன் பிடிக்கிறது?

பிளாஸ்டிக் பிளக் வரும் முன்னால் நம் எலக்ட்ரீஷியன்கள் சுவரை உளியால் குடைந்து, மரக்கட்டையைச் செருகிச் சிமெண்ட் பூசி, அதில் ஸ்க்ரூ முறுக்கினார்கள். பழைய வீட்டில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் இன்றும் அந்தக் கட்டைகளைப் பார்க்கலாம். மரம் காலப்போக்கில் சுருங்கும், கரையான் வந்தால் கட்டையே இருக்காது. 1910-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரால் ஆன பிளக்கைக் கொண்டு வந்தார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலானில் பல் வைத்த, நடுவில் பிளந்த பிளக்கைச் செய்தார். ஆயிரத்துக்கும் மேல் காப்புரிமை வைத்திருந்த மனிதர். இன்று நம் கடைகளில் டப்பா டப்பாவாக இருப்பவை அந்த வடிவத்தின் வாரிசுகள்தான்.

வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஸ்க்ரூ நுழையும்போது பிளக் பக்கவாட்டில் விரிந்து ஓட்டையின் சுவரை நெரிக்கிறது. அந்த நெரிப்பில் வரும் உராய்வுதான் பிடிப்பு. இதிலிருந்தே பல விதிகள் கிடைத்துவிடும். ஸ்க்ரூ மெலிதாக இருந்தால் பிளக் விரியாது. 6 மி.மீ. பிளக்குக்கு 4 முதல் 5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ வேண்டும், 8 மி.மீ. பிளக்குக்கு நாலரை முதல் 6 வரை. கடையில் '35க்கு 8' என்று கேட்டால் 35 மி.மீ. நீளமும் 8-ஆம் நம்பர் தடிமனும் கொண்ட ஸ்க்ரூ வரும். 8-ஆம் நம்பர் என்பது சுமார் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் என்பது சுமார் 5 மி.மீ. ஓட்டை பெரிதாகிவிட்டால் விரிந்தும் பயனில்லை. டிரில்லை ஆட்டி ஆட்டி இறக்குபவர்களுக்கு 6 மி.மீ. பிட்டில் 7 மி.மீ. ஓட்டை கிடைக்கும். பிறகு தீக்குச்சியைச் செருகிச் சமாளிப்பார்கள். தீக்குச்சி செருகும் நிலைமை வந்தால் அடுத்த அளவு பிட்டும் அடுத்த அளவு பிளக்கும் எடுங்கள், அவ்வளவுதான்.

இரும்பு ஆங்கர் போல்ட்டின் விரிப்பு இன்னும் மூர்க்கமானது. கெட்டியான கான்கிரீட்டுக்கு அது பொருத்தம். செங்கல்லில், அதுவும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில், கல்லின் ஓரத்தில் வைத்து முறுக்கினால் கல்லே பிளந்துவிடும். "பெரிய போல்ட்டா போட்டுட்டேன் சார்" என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல. செங்கல்லுக்கு நீளமான நைலான் பிளக் மேல். ஏஏசிக்கென்றே அகலமான செதில் வைத்த பிளக்குகள் தனியாக விற்கிறார்கள். கனம் அதிகம் என்றால் ஓட்டைக்குள் ரசாயனப் பசையை நிரப்பிக் கம்பியைச் செருகும் கெமிக்கல் ஆங்கர் இருக்கிறது. அது சுவரை நெரிப்பதில்லை, ஒட்டிக்கொள்கிறது. ஹாலோ பிளாக் என்றால் அதோடு வலைக்குழாய் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் பசை முழுவதும் பொந்துக்குள் வழிந்துவிடும்.

எடையைக் கேட்காதீர்கள், இழுப்பைக் கேளுங்கள்

"எத்தனை கிலோ தாங்கும்?" என்று கடையில் எல்லோரும் கேட்கிறோம். எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைச் சேர்க்காமல் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும் எடையை ஸ்க்ரூ சுலபமாகத் தாங்கும். சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசைதான் ஆபத்து.

15 கிலோ டிவியை எடுத்துக்கொள்வோம். சுவரை ஒட்டிய ஸ்டாண்டில் அது சாது. அதையே முன்னால் இழுத்துத் திருப்பும் மடக்குக் கையில் மாட்டி அரை மீட்டர் வெளியே இழுங்கள். சுவரில் பதிந்த தகட்டின் உயரம் 20 செ.மீ. என்றால், மேல் வரிசை ஸ்க்ரூக்களைச் சுமார் 37 கிலோ வெளியே இழுக்கும். டிவியின் எடை கூடவே இல்லை, தள்ளி நின்றதால் வந்த வினை. புத்தக அலமாரிக்கும் இதே கதைதான். பலகையின் அகலம் கூடக்கூட, அதைத் தாங்கும் பிராக்கெட்டின் உயரமும் கூட வேண்டும்.

இதைவிடச் சுவாரசியமானது துணிக்கொடி. அத்தை வீட்டு பால்கனியில் கொடி கட்டினேன்.

"கொஞ்சம் தொய்வா இருக்கட்டும் அத்தை."

"தொய்ஞ்சா பார்க்க நல்லாவாடா இருக்கு? நல்லா இழுத்துக் கட்டு."

4 மீட்டர் நீளக் கொடி. நடுவில் 10 கிலோ ஈரத்துணி. கொடி 20 செ.மீ. தொய்ந்தால் இரண்டு பக்கக் கொக்கியிலும் சுமார் 50 கிலோ இழுப்பு. விறைப்பாக இழுத்து, தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் 100 கிலோ! துணி அதே பத்து கிலோதான். அழகாக இழுத்துக் கட்டிய கொடிகள்தான் கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு வருகின்றன. கணக்கைச் சொன்னதும் அத்தை தொய்வுக்குச் சம்மதித்தார், அரை மனதோடு.

கீசர் விஷயத்தில் பலர் காலி டப்பாவின் எடையை நினைத்துக்கொள்கிறார்கள். 15 லிட்டர் கீசரில் தண்ணீரே 15 கிலோ. உடம்பையும் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். அது ஆண்டுக்கணக்கில், ஈரமான குளியலறையில், தலைக்கு மேலே தொங்கப்போகிறது. தடுப்புச் சுவரைத் தவிர்த்து 9 அங்குலச் சுவரையோ, மேலே பீமோ லிண்டலோ ஓடும் இடத்தையோ தேடுங்கள்.

ஏசியின் வெளி யூனிட் இன்னும் கவலைக்குரியது. எடையோடு அதிர்வும் சேர்கிறது. பழுது பார்க்க வருபவர் அதன் மேல் கை ஊன்றுவார், சில சமயம் காலும் வைப்பார். வெளிப்பூச்சு 20 மி.மீ. போனால் 50 மி.மீ. போல்ட்டில் மிஞ்சுவது 30 மி.மீ.தான். கீழே தெருவில் ஆள் நடக்கிறார்கள். சென்னையின் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் சாதா இரும்பு போல்ட் துருப்பிடித்துத் தேய்ந்துவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து விழும் 30 கிலோவை நினைத்தால் கூடவே இல்லை.

ஊஞ்சலுக்கு மட்டும் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நான் மாட்ட மாட்டேன். பழைய வீடுகளில் ஊஞ்சல் கொக்கியையும் தொட்டில் கொக்கியையும் உத்தரத்திலோ, தளம் ஊற்றும்போது கம்பியோடு பிணைத்தோ வைத்துவிடுவார்கள். கட்டி முடித்த தளத்தில் பின்னால் துளைத்து மாட்டுவது வேறு வேலை. 45 பாகை வரை வீசி ஆடினால், கீழே வரும் கணத்தில் சங்கிலியில் விழும் இழுப்பு உட்கார்ந்திருப்பவர் எடையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு பெரியவர்கள் 120 கிலோ என்றால் சுமார் 190 கிலோ, அதுவும் திரும்பத் திரும்ப. இதில் நைலான் பிளக்குக்கு இடமே இல்லை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி டிரில்லை எடுக்கலாம்

வீட்டுக்கு வாங்கும் சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல்தகடுகள் உரசித் துள்ளுவதால் தட்டல் வருகிறது. செங்கல்லுக்கு அது போதும். கான்கிரீட்டில் அரை மணி நேரம் கத்தும், அரை அங்குலம் போகும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். எஸ்டிஎஸ் பிட் போடும் ஹாமர் டிரில்லில் பிஸ்டன் காற்றை அழுத்தி உள்ளே சுத்தியையே ஓங்கி அடிக்கிறது. நாம் அழுத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். மைவான் வீடு என்றால் இதை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். மாறாக ஏஏசி, ஹாலோ பிளாக் இரண்டிலும் தட்டலை நிறுத்திவிட்டுச் சுற்றலில் மட்டும் துளையுங்கள். தட்டினால் ஓட்டை சிதைந்துவிடும்.

ரசமட்டம் வைத்துக் குறி போடுங்கள். பிட்டில் வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக. தூள் தங்கவும் இடம் வேண்டுமல்லவா? துளைத்த பின் தூளை வெளியேற்றுங்கள், கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. வாயால் ஊதினால் எல்லாம் கண்ணுக்குள் வரும். கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு நல்லதல்ல. கெமிக்கல் ஆங்கர் என்றால் ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூள் படிந்த ஓட்டையில் பசை தூளோடுதான் ஒட்டும், சுவரோடு ஒட்டாது.

டைல்ஸில் தட்டல் கூடவே கூடாது. மேலே பேப்பர் டேப் ஒட்டி, டைல் பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு சுவருக்கேற்ற பிட்டுக்கு மாறலாம். முன்னதாக விரலால் தட்டிப் பாருங்கள். பின்னால் வெற்றிடமாக ஒலிக்கும் டைல்ஸ் விரிசல் விடும், வேறு இடம் பாருங்கள். பிளக்கையும் டைல்ஸின் தடிமனைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே பிளக் விரிந்தால் அன்றைக்கோ மறுநாளோ கோடு விழும்.

கான்கிரீட்டில் திடீரென பிட் நகராமல் உலோகச் சத்தம் கேட்டால் அது கம்பி. மோதாதீர்கள். தூண், பீமின் கம்பியை வெட்டுவது கட்டடத்தின் எலும்பில் கை வைப்பது. சில சென்டிமீட்டர் தள்ளிப் புது ஓட்டை போடுங்கள்.

கம்பியாவது நம்மைத் தடுக்கும், ஒயர் தடுக்காது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும், பக்கவாட்டிலும் துளைக்காதீர்கள், குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். குளியலறையில் பைப் வாய்க்கும் ஷவருக்கும் கீசர் இணைப்புக்கும் இடையே கோடு இழுத்துப் பாருங்கள். அங்கேயெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. டெஸ்டரைச் சுவரில் வைத்து ஒயரைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நியான் டெஸ்டர் சுவருக்குள் இருப்பதைக் காட்டாது. அதற்கென்றே சுவரைத் துழாவும் கருவி விற்கிறது. சந்தேகமுள்ள சுவரில் பேட்டரி டிரில் எடுத்துக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

கடைசியில் ஸ்க்ரூவைக் கையால் முறுக்கி முடியுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று என்ற ஆசையில்தான் பிளக் ஓட்டைக்குள்ளேயே சுற்றத் தொடங்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுத்தமாகப் போட்ட 6 மி.மீ. ஓட்டையைக் காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துவிடலாம். கான்கிரீட் ஆணியை வெறுமனே அறைந்து பூச்சு பெயர்ந்த பள்ளத்தைத்தான் அடைப்பது கஷ்டம், அட்வான்ஸிலும் அதுதான் கை வைக்கும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒயர் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்து முடித்து, பூச்சு வேலை தொடங்கும் முன், ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் அளக்கும் டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு படம் எடுங்கள். எந்தச் சுவர் எந்தக் கல், தூண் எங்கே, குழாய் எங்கே எல்லாம் அதில் இருக்கும். கீசர், டிவி, ஏசி வரும் இடங்களைச் சுவர் எழுப்பும் முன்பே முடிவு செய்து, அங்கே மட்டுமாவது சாலிட் பிளாக் வைக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு அது பத்து நிமிட வேலை. நீங்கள் அந்த வீட்டில் இருக்கப்போகும் அத்தனை வருடமும் பயன்படும்.